சேர்ந்து வாசிக்க ஆள் கிடைப்பது எப்படி? நடுவயதில் வாத்தியத்தை மறுபடி கையில் எடுத்தவருக்கு

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. பள்ளி நாட்களில் 8 வருடம் வயலின் கற்றவர். அப்புறம் படிப்பு, வேலை, குடும்பம் என்று 20 வருடம் பெட்டியைத் திறக்கவே இல்லை. இப்போது 44 வயது. இரண்டு வருடமாக ஓர் ஆசிரியரிடம் மறுபடி ஆரம்பித்து, தினமும் முக்கால் மணி நேரம் வாசிக்கிறார். "கேட்பது சுவர் மட்டும்தான். குழுக்கள் என்று பார்த்தால் ஒன்று பள்ளிப் பிள்ளைகள், இல்லாவிட்டால் தொழில்முறைக் கலைஞர்கள். என்னைப் போன்றவர்கள் எங்கே போய் வாசிப்பது? போவதற்கு முன் எவ்வளவு தேற வேண்டும்?" என்கிறார். பெயர் கொடுத்த யாரும் மேடையேறலாம் என்கிற ஓபன் மைக் நிகழ்ச்சிகள் உதவுமா என்றும் கேட்கிறார்.

நானும் தொழில்முறைக் கலைஞன் இல்லை. பகலில் கணக்கு வழக்கு பார்க்கிற வேலை. ஆனால் 15 வருடமாக ஒரு சின்ன அமெச்சூர் குழுவை ஒருங்கிணைத்து வருகிறேன். நாற்காலி போடுவது, நோட்ஸ் (இசை எழுதிய தாள்கள்) பிரதி எடுப்பது, "நான் சேரலாமா" என்று வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் என் தலையில்தான். அதனால் நீங்கள் தட்டப்போகிற கதவின் உள்பக்கம் நின்றுகொண்டு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் ஆட்களை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. "இன்னும் கொஞ்சம் தேறியதும் வருகிறேன்" என்று எனக்கு எழுதியவர்களில் பெரும்பாலானோர் வரவே இல்லை. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. சேர்ந்து வாசிக்கிற திறமை தனியாக வாசிப்பதால் வளர்வதில்லை, அவ்வளவுதான். இன்னும் சொன்னால், தனி வாசிப்பு அதைக் கெடுக்கவும் செய்யும். வீட்டில் ஒரு ஸ்வரம் பிசகினால் என்ன செய்கிறோம்? நிறுத்துகிறோம், இரண்டு பார் (தாளக் கட்டம்) பின்னால் போய் திரும்ப வாசிக்கிறோம். வருடக்கணக்கில் இதையே செய்தால், தப்பு வந்ததும் நிற்பது கைப்பழக்கமாகிவிடும். குழுவில் யாரும் நிற்க மாட்டார்கள். நீங்கள் அந்தத் தப்பான ஸ்வரத்தைத் திருத்திக்கொண்டு நிமிர்வதற்குள் மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள்.

என் அனுபவத்தில் ஒரு புதியவர் எங்களோடு ஒட்டுவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிப்பது அவர் விரல் வேகம் இல்லை. தொலைந்துபோனால் திரும்ப வந்து சேரத் தெரிந்திருக்கிறதா, தனக்கு ஓய்வு உள்ள 11 பார்களைச் சரியாக எண்ணத் தெரிந்திருக்கிறதா, தன் வாத்தியத்தின் குரல் எப்போது முன்னால் வர வேண்டும், எப்போது பின்னால் ஒதுங்க வேண்டும் என்று காது கொடுக்கிறாரா, இந்த மூன்றும்தான். இதில் ஓய்வை எண்ணுவதுதான் உண்மையிலேயே கஷ்டம். வாசிக்கும்போது யாரும் தொலைவதில்லை, சும்மா இருக்கும்போதுதான் தொலைகிறார்கள்.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. தெரிந்த ஓர் இசைத்துண்டின் ஒலிப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்து ஒலிக்கவிடுகிற வசதி இப்போது எல்லா போன்களிலும் கிடைக்கிறது. முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, என்ன நடந்தாலும் நிறுத்துவதில்லை என்ற ஒரே விதியோடு கூடவே வாசியுங்கள். வரவில்லையா? ஒவ்வொரு பாரின் முதல் அடியை மட்டும் வாசியுங்கள். அதுவும் வரவில்லை என்றால் வில்லைக் கீழே இறக்கி, கண்ணால் மட்டும் தொடர்ந்து போய், அடுத்த வரியின் ஆரம்பத்தில் ஏறிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தவர் ஆறு மாதம் ஸ்கேல் (ஸ்வர வரிசை) வாசித்தவரை விடச் சீக்கிரம் குழுவில் நிலைப்பார் என்பது என் கணிப்பு. ஸ்கேலும் வாசியுங்கள், அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சரி, எங்கே போவது?

இங்கே எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை நீங்களும் செய்திருப்பீர்கள். குழு தேடியிருப்பீர்கள், மேடை தேடியிருப்பீர்கள். நான் சொல்வது, முதலில் ஓர் ஆளைத் தேடுங்கள். ஒரே ஒருவர் போதும். உங்கள் ஆசிரியரிடம் போய், "உங்களிடம் கற்கிற பெரியவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா, என்னோடு டூயட் வாசிக்க விருப்பப்படுவார்களா" என்று கேளுங்கள். பெரியவர்களுக்குச் சொல்லித் தருகிற ஆசிரியரிடம் பெரும்பாலும் உங்களைப் போலவே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் செவ்வாய் வருவார், ஒருவர் வெள்ளி வருவார், வருடக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு வயலினுக்கென்றே எழுதப்பட்ட இசை, ஆரம்ப நிலையிலிருந்து கச்சேரி நிலை வரை, வண்டி வண்டியாக இருக்கிறது. பதிப்புரிமை முடிந்துபோன நோட்ஸை 2006-லிருந்து இயங்கும் ஐ.எம்.எஸ்.எல்.பி. இணைய நூலகத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உங்கள் நாட்டில் பதிப்புரிமை எத்தனை வருடம் என்று மட்டும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள், நாட்டுக்கு நாடு மாறும்.

ஆசிரியருக்கு அடுத்தபடி, வாத்தியம் பழுது பார்ப்பவர். வில்லுக்கு முடி மாற்றுபவருக்கும் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவருக்கும் தெரிந்த அளவு ஆட்களை எந்த விளம்பரப் பலகைக்கும் தெரியாது. யார் வீட்டில் செல்லோ தூசி படிந்து கிடக்கிறது, எந்தக் குழுவில் போன மாதம் ஒருவர் வேலை மாறிப் போய்விட்டார், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எங்கள் குழுவின் நால்வரை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு பழுது பார்ப்பவர்தான். அவருக்கு இதில் ஒரு காசு லாபம் இல்லை, சும்மா சொல்லி வைத்தார்.

இப்படி ஆள் தேடுவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1947-இல் அமெரிக்காவில் லெனர்ட் ஸ்ட்ராங் என்ற ஓர் அமெச்சூர் வயலின்காரர் இதற்காகவே ஒரு சங்கம் ஆரம்பித்தார். தொழில் நிமித்தம் வெளியூர் போகிற இடங்களில் சாயங்கால வேளையில் கூட வாசிக்க ஆள் வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. ஏ.சி.எம்.பி. (அமெச்சூர் சேம்பர் மியூசிக் பிளேயர்ஸ்) என்ற அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது, பல நாடுகளில் உறுப்பினர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது அவர்களுடைய உறுப்பினர் பட்டியலில் உள்ள ஓர் ஏற்பாடு. தேர்வு கிடையாது. தான் எந்த அளவு வாசிப்பவர் என்று ஒவ்வொருவரும் தனக்குத் தானே தரம் போட்டுக்கொள்ள வேண்டும். தன்னை அதிகம் மதிப்பிடுபவரும் உண்டு, குறைத்துக்கொள்பவரும் உண்டு. முதல் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும், யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

தொழில்வழி சேர்வதும் உண்டு. பெர்லினில் 2007-இல் தொடங்கிய உலக டாக்டர்கள் ஆர்கெஸ்ட்ராவில் எல்லோரும் மருத்துவர்கள். பல நாடுகளிலிருந்து வந்து, சில நாள் ஒத்திகை பார்த்து, கச்சேரி செய்து, கிடைத்த பணத்தை மருத்துவ உதவிக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வழக்கறிஞர்களுக்கும் இப்படிக் குழுக்கள் இருக்கின்றன. உங்கள் அலுவலகத்தில் 200 பேர் இருந்தால், அதில் ஒருவராவது உங்களைப் போல வாத்தியத்தைப் பரணில் போட்டிருப்பார். உணவறையில் ஒரு காகிதம் ஒட்டிப் பாருங்கள்.

இனி குழுக்கள். அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா என்றாலே தகுதித் தேர்வு என்று பயப்படுகிறீர்கள். தேர்வு வைக்கிறவை உண்டு, வைக்காதவையும் உண்டு. வயது வந்து ஆரம்பித்தவர்களுக்கென்றே உருவானவையும் உண்டு. 1991-இல் ராய் எர்ன்ஸ்ட் என்ற இசைக் கல்விப் பேராசிரியர், அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் நியூ ஹொரைசன்ஸ் என்று ஒரு பேண்டு குழுவை ஆரம்பித்தார். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், ட்ரம்பெட்டை எந்தப் பக்கம் ஊதுவது என்று தெரியாதவர்களும் அதில் சேரலாம். இன்று அதே பெயரில் பல ஊர்களில் குழுக்கள் இயங்குகின்றன. கிழக்கு லண்டனில் 1980-களிலேயே 'லேட் ஸ்டார்ட்டர்ஸ்' என்று பெயரிலேயே உண்மையை ஒப்புக்கொண்டு ஒரு தந்தி வாத்தியக் குழு வந்துவிட்டது. அமெரிக்காவின் பால்டிமோர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 2010-இல் இன்னொரு காரியம் செய்தது. 'துருப்பிடித்த இசைஞர்கள்' என்று பெயர் வைத்து, பொதுமக்களில் வாசிக்கத் தெரிந்தவர்களை அழைத்து, தொழில்முறைக் கலைஞர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, அதன் கண்டக்டர் (இசை நடத்துநர்) மேரின் ஆல்ஸப் நடத்த, மேடையிலேயே வாசிக்க விட்டது. வேறு ஊர் ஆர்கெஸ்ட்ராக்களும் இந்த மாதிரி 'பக்கத்தில் உட்கார்' நாட்கள் வைக்கின்றன. உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஏதாவது இருந்தால் அவர்களுடைய கல்விப் பிரிவிடம் கேளுங்கள், டிக்கெட் விற்கிற இடத்தில் கேட்டால் தெரியாது.

அமெச்சூர் என்றால் அரைகுறை என்று உங்களுக்குள் ஒரு கூச்சம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதற்கு ஒரு கதை சொல்கிறேன். இசையமைப்பாளர் குஸ்டவ் ஹோல்ஸ்ட் லண்டன் மார்லி கல்லூரியில் பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வருகிற பெரியவர்களுக்கு இசை கற்பித்தார். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் எழுதிய ஒரு மேடை இசைநாடகத்தின் மூலப்பிரதி நெடுங்காலம் காணாமல் போய், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைத்திருந்தது. வாசிப்பதற்குத் தனித்தனி நோட்ஸ் கிடையாது. அந்த மாலை வகுப்புக்காரர்கள் உட்கார்ந்து சுமார் 1,500 பக்கங்களைக் கையால் எழுதி எடுத்து, 1911-இல் அதை வாசித்தும் பாடியும் நடத்திக் காட்டினார்கள். நோட்ஸ் பிரதி எடுக்க அலுப்பாக இருக்கிற ராத்திரிகளில் நான் இவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

குழுவுக்கு எழுதுகிற கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வாசிப்பாளர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இப்படி இருக்கும்: "நான் அவ்வளவு நன்றாக வாசிக்க மாட்டேன், ரொம்ப நாள் ஆயிற்று, உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமோ தெரியவில்லை, இருந்தாலும்..." இதைப் படித்துவிட்டு நான் என்ன முடிவெடுப்பது? தன்னடக்கமா, எச்சரிக்கையா என்றே தெரியாது. போன வருடம் ஒரு செல்லோக்காரம்மா எழுதியது இது, கிட்டத்தட்ட முழுசாகவே தருகிறேன்: "செல்லோ. சிறுவயதில் 7 வருடம், 22 வருட இடைவெளி, இப்போது 18 மாதமாக. நான்காவது பொசிஷன் வரை தைரியமாகப் போவேன், அதற்கு மேல் நம்பிக்கை இல்லை. நோட்ஸ் படிப்பேன், ஆனால் பார்த்தவுடன் வாசிக்க மெதுவாகத்தான் வரும். கடைசியாகச் சேர்ந்து வாசித்தது பள்ளி ஆர்கெஸ்ட்ராவில். வியாழன், ஞாயிறு மாலைகள் முடியும். ஒரு ஒத்திகைக்கு வந்து பின்னால் உட்கார்ந்து கேட்கலாமா?" ஏழே வாக்கியம். அன்று ராத்திரியே பதில் போட்டேன். அந்தக் கடைசி வரிதான் சாவி. கேட்க வரலாமா என்று யாராவது கேட்டால் எந்த ஒருங்கிணைப்பாளரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

வந்தார். அன்று எங்களுக்குப் பின்வரிசைச் செல்லோ ஒன்று காலி. கேட்க வந்தவரை உட்கார்ந்தே பாருங்கள் என்றோம். நோட்ஸில் இடம் காட்டுவதற்காக அச்சிட்ட D எழுத்துக்கு அப்புறம் ஆறு பார் ஓய்வு. ஐந்தாவதிலேயே உள்ளே நுழைந்துவிட்டார். முகம் சிவந்து வில்லைத் தூக்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் தன் வாசிப்பை நிறுத்தாமலே, வில் நுனியால் நோட்ஸில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். இவர் அங்கே ஏறிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒத்திகை முடிந்ததும் பக்கத்துக்காரர் அவரிடம் சொன்னது, "அந்த இடத்தில் பென்சிலால் ஒரு மூக்குக் கண்ணாடி வரைந்துகொள்ளுங்கள்" என்று. கண்டக்டரைப் பார்க்க வேண்டிய இடத்தில் மூக்குக் கண்ணாடி வரைவது ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் பழைய பழக்கம். வாடகை நோட்ஸ் எடுத்துப் பார்த்தீர்களானால், யார் யாரோ எந்தெந்த வருடத்திலோ வரைந்த கண்ணாடிகள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்.

இன்னொரு விஷயம், உங்களுக்குக் கசக்கலாம். வயலின் வாசிப்பவர்கள் நிறைய. புல்லாங்குழலும் அப்படித்தான். வயோலா, டபுள் பேஸ், பசூன், ஹார்ன் வாசிப்பவர்களுக்கு எங்கும் தட்டுப்பாடு. பாப், ராக் பக்கம் போனால் கிடார்காரர்கள் தெருவுக்கு நால்வர், பேஸ் கிடாருக்கும் டிரம்ஸுக்கும் ஆள் இல்லை. சேர்ந்திசைக் குழுக்களில் டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடுகிற ஒருவர் வந்தால் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்கள், ஓடிவிடக் கூடாதே என்று. நானே வயலினில் இரண்டு வருடம் காத்திருப்புப் பட்டியலில் இருந்துவிட்டு, வயோலாவுக்கு மாறினேன். விரல் இடைவெளி கொஞ்சம் அதிகம், வில் கொஞ்சம் கனம், படிப்பதற்கு ஆல்டோ கிளெஃப் என்ற வேறு குறியீடு. நான்கு மாதம் தலைசுற்றியது. அதற்கப்புறம் மூன்று இடங்களிலிருந்து அழைப்பு. மாறுங்கள் என்று கட்டாயப்படுத்தவில்லை. வயலின் உங்களுக்கு உயிர் என்றால் இரண்டாவது வயலின் வரிசையைக் கேளுங்கள். முதல் வயலின்தான் வேண்டும் என்பவர்கள் நிறைய, இரண்டாவதை விரும்பிக் கேட்பவரை எல்லோருக்கும் பிடிக்கும்.

பியானோக்காரர்களின் கதை வேறு. தனியாக உட்கார்ந்தே முழு இசையையும் வாசித்துவிடலாம் என்பதால் அவர்கள்தான் அதிகம் தனித்துப் போகிறார்கள். ஆனால் பக்கவாசிப்புக்கு ஆள் தேடாத பாடகரோ, கொயரோ, பாலே வகுப்போ கிடையாது. ஒரே பியானோவில் இருவர் உட்கார்ந்து நான்கு கையால் வாசிப்பதும் உண்டு. ஒலிப்பதிவு வருவதற்கு முந்தைய காலத்தில் மக்கள் வீட்டில் சிம்பொனிகளைத் தெரிந்துகொண்டதே இப்படித்தான். இசையமைப்பாளர் ஷூபர்ட் இதற்கென்றே நிறைய எழுதி வைத்திருக்கிறார்.

நோட்ஸ் படிக்காமல் காதால் கற்றவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு நமக்கு இடமில்லை என்று நினைக்க வேண்டாம். ஜாம், செஷன் என்று நோட்ஸ் இல்லாமல் கூடி வாசிக்கிறார்களே, அதெல்லாம் உங்களுக்குத்தான் சொந்தம். கர்நாடக இசை மாதிரி குரு பாடக் கேட்டுத் திருப்பி வாசித்துப் பழகியவர்களுக்கு, ஒரு தடவை கேட்ட மெட்டை மூன்றாவது தடவை கூடவே வாசிப்பது பெரிய விஷயமில்லை. வருடக்கணக்கில் நோட்ஸைப் பார்த்தே வாசித்தவர்கள்தான் காகிதத்தை எடுத்துவிட்டால் கையைப் பிசைவார்கள்.

ஜாமில் சட்டம் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள், ஆனால் சட்டம் இருக்கிறது. ஐரிஷ் செஷன் ஒன்றில் மேஜையைச் சுற்றி எல்லோரும் ஒரே மெட்டை வாசிப்பார்கள், ஒன்று முடிந்து நிற்காமல் அடுத்ததுக்குப் போவார்கள். தெரியாத மெட்டு வந்தால் வாத்தியத்தை மடியில் வைத்துக் கேட்பதுதான் மரியாதை, தடவித் தடவித் தேடக் கூடாது. பௌரான் என்கிற கைமேளம் ஏற்கெனவே ஒன்று அடித்துக்கொண்டிருந்தால் நீங்கள் உங்களுடையதை வெளியே எடுக்க வேண்டாம். புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை ஜாமில் முன்னணியில் பாடுபவரின் குரல் உங்கள் காதில் விழவில்லை என்றால் நீங்கள் அதிகச் சத்தம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். ஜாஸ் ஜாமுக்குப் போவதென்றால் மூன்று பாட்டு மனப்பாடமாக, எந்தச் சுருதி, எந்த வேகம் என்று சொல்லி எண்ணி ஆரம்பிக்கத் தெரியும் அளவுக்கு வேண்டும். அதில் ஒன்று 12 பார் புளூஸாக இருக்கட்டும். மூன்றே கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்), உலகம் பூராவும் தெரியும். தனி வாசிப்பு கிடைத்தால் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. நாலாவது சுற்றில் மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்த ஜாமானாலும் முதல் தடவை வாத்தியத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு வாருங்கள்.

ஓபன் மைக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. மூன்று மணி நேரம் காத்திருந்து எட்டு நிமிடம் வாசிப்பது, அதுவும் தனியாக. மேடைப் பயம் போக்க உதவும், கூட வாசிக்க ஆள் கிடைப்பது தற்செயல். அதைவிட முதியோர் இல்லத்தில் மாதம் ஒரு முறை வாசிப்பது நல்லது என்பேன். 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அவர்கள் இளமையில் கேட்ட பாட்டாக இருக்கட்டும், மைக் வேண்டாம். ஒரு தடவை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாமல், அதே தேதியில் மறுபடி போங்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, அங்கே ஒரு நாள் கூடப் பாடிய பெரியவர் ஒருவர் மூலம்தான் எங்களுக்கு இலவச ஒத்திகை இடமே கிடைத்தது.

ஆன்லைனில் சேர்ந்து வாசிக்க முடியாதா என்றால், சாதாரண வீடியோ அழைப்பில் முடியாது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது, ஆக எதிரெதிரே 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர்களுக்கு நடுவிலேயே 24 மில்லிசெகண்ட் தாமதம் இருக்கிறது. தோராயமாக 25, 30 வரை நம் காது தாங்கும். அதற்கு மேல் போனால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காத்திருந்து தாளம் இழுபட்டுப் படுத்துவிடும். வீடியோ அழைப்பில் இந்தத் தாமதம் அதைப்போல் பல மடங்கு. இதற்கென்றே ஜமுலஸ், ஜாக்ட்ரிப், சோனோபஸ் என்று மென்பொருள்கள் இருக்கின்றன. வைஃபை வேண்டாம், கேபிளைச் செருகுங்கள், ஹெட்போன் கட்டாயம், மைக்கைக் கணினியோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்று இருந்தால் நல்லது. அடுத்த ஊர்க்காரரோடு நன்றாக வாசிக்கலாம். அடுத்த கண்டத்துக்காரரோடு முடியாது. ஒளியிழையிலேயே 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லிசெகண்ட் போய்விடும், வழியில் உள்ள சாதனங்கள் எடுத்துக்கொள்வது தனி. இதை எந்த மென்பொருளாலும் சரிக்கட்ட முடியாது.

இவ்வளவு தேடியும் எதுவும் அமையவில்லை என்றால் நீங்களே ஆரம்பிக்க வேண்டியதுதான். மூன்று அல்லது நான்கு பேர். பத்துப் பேரோடு ஆரம்பிக்காதீர்கள். பத்துப் பேருக்கு ஒரு தேதி ஒத்துவருவதற்குள் வாத்தியத்துக்குத் தந்தி மாற்ற வேண்டி வரும். தேதியை ஒவ்வொரு முறையும் பேசி முடிவு செய்யாதீர்கள், "மாதத்தின் முதல் மற்றும் மூன்றாம் ஞாயிறு" என்று ஒரே தடவையில் நிறுத்திவிடுங்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் அன்று வாசிப்பு உண்டு. முடிகிற நேரத்தையும் சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். 20 வருடம் விட்டுப்போன தோளும் கழுத்தும் முதல் நாளே மூன்று மணி நேரம் தாங்காது. வலித்தால் வில்லை வைத்துவிடுங்கள், வலியோடு வாசித்து முடிப்பதில் வீரம் எதுவும் இல்லை.

என்ன வாசிப்பது என்பதில்தான் புதுக் குழுக்கள் கவிழ்கின்றன. எல்லோருக்கும் தனக்குப் பிடித்த பெரிய படைப்பை வாசிக்க ஆசை. ஒவ்வொருவரும் தனியாக வாசிக்கக்கூடியதை விட இரண்டு படி எளிதானதை எடுங்கள். எங்கள் முதல் வருடத்தில் நால்வர் சேர்ந்து வாசிக்கிற கடினமான ஒரு குவார்டெட்டை எடுத்து, ஐந்து மாதம் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை, ஒருவர் விலகியே போய்விட்டார். தவறு என்னுடையது, தேர்ந்தெடுத்தது நான். அப்புறம் இசையமைப்பாளர் ஹேடனிடம் போனோம். அவர் எழுதிய 68 குவார்டெட்களில் நம் கைக்கு எட்டுகிற பகுதிகள், முக்கியமாக மெதுவான பகுதிகளும் மினுவெட் என்கிற நடனப் பகுதிகளும், எத்தனையோ வருடத்துக்குத் தாங்கும். வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் அமைந்துவிட்டதா, வயலின் ஒன்று, சாக்ஸபோன் ஒன்று, கீபோர்டு ஒன்று என்று? இசையமைப்பாளர் டெர்ரி ரைலி 1964-இல் எழுதிய 'இன் சி'யைப் பாருங்கள். 53 சின்னச் சின்னத் துண்டுகள், எந்த வாத்தியமும் சரி, எத்தனை பேரும் சரி. ஒவ்வொருவரும் ஒரு துண்டைத் தனக்கு வேண்டிய தடவை திருப்பி வாசித்துவிட்டு அடுத்ததுக்கு நகர வேண்டும். சுலபமாகத் தெரியும். மற்றவர்களைக் கேட்காமல் வாசித்தால் ஐந்து நிமிடத்தில் சந்தைக்கடையாகிவிடும். காது கொடுக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

சேர்ந்த குழு பிடிக்கவில்லை என்றால் விலகலாம். ஒரு குழுவில் நான் எட்டு மாதம் இருந்தேன். வாசிப்பு 40 நிமிடம், ஒருவரை ஒருவர் குறை சொல்வது 50 நிமிடம். அடுத்த கச்சேரி வரை இருந்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு, நோட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்னால் மட்டும் விலகாதீர்கள். அமெச்சூர் உலகம் சின்னது, எல்லோரும் ஒரே பழுது பார்ப்பவரிடம்தான் வில்லைக் கொடுக்கிறோம்.

இந்த வாரம் ஆசிரியரிடம் கேளுங்கள். அடுத்த வாரம் ஏதாவது ஒரு குழுவுக்கு அந்தச் செல்லோக்காரம்மா மாதிரி ஏழு வாக்கியம் எழுதுங்கள். போகிற அன்று பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய் நாற்காலி போடக் கை கொடுத்தால் பாதிப் பேரின் பெயர் வாசிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நோட்ஸ் வைக்க மடக்கு ஸ்டாண்டு ஒன்று, ட்யூனர் ஒன்று, பென்சில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பென்சில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு, அவர் கட்டாயம் மறந்திருப்பார்.